தேய்வை மறைக்கும் தட்டு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் டயரின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். பிரேக் டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது சக்கரத்தின் இடைவெளி வழியாகவே தெரிந்துவிடும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்க்கலாம். கிளட்சை மட்டும் பார்க்க முடியாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஓர் அலுமினியக் கூட்டுக்குள் அது அடைபட்டுக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். தேய்ந்துகொண்டே வந்தாலும் தேயாததுபோல நடந்துகொள்ளும்படியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது; வாங்குபவருக்கு உண்மையான சிக்கல் அங்கேதான். முதல் உரிமையாளருக்கு வசதியாக இருந்த அந்த ஏற்பாடு இரண்டாவது உரிமையாளருக்குச் செலவாக வந்து நிற்கிறது.

அமைப்பு எளிமையானது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல் ஒரு பக்கம். அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பிரஷர் பிளேட் மறுபக்கம். நடுவில், கியர்பாக்ஸின் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அந்தத் தட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. தட்டின் இரு முகங்களிலும் கண்ணாடி இழையும் அராமிட் இழையும் செம்புக் கம்பியும் கலந்து பிசினில் இறுக்கிய லைனிங்கை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். பழைய கார்களில் இதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பிரிட்டன் அதை முழுவதுமாகத் தடைசெய்ததே 1999-இல்தான். ஆகவே 1970-களின் ஜாகுவாரையோ போர்ஷேவையோ வாங்கிக் கிளட்சைப் பிரிக்கிறவர்கள் கூட்டுக்குள் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் தூசி தரும் நோய் வெளிப்பட இருபது, முப்பது வருடம்கூட ஆகும். அதனால்தான் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள்.

ரிவெட்டின் தலை லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சொச்சம் உள்ளே பதிந்திருக்கும். தேய்வதற்கென்று உள்ள மொத்தக் கையிருப்பு அவ்வளவுதான். அது தீர்ந்தால் ரிவெட் ஃபிளைவீலைக் கீறத் தொடங்கும்.

ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்பது நான்கின் பெருக்கல்: ஸ்பிரிங்கின் அழுத்தம், உராய்வுக் கெழு, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. லைனிங்கின் தடிமன் இந்தப் பெருக்கலில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அழுத்தம் மாறாதவரை முக்கால்வாசி தேய்ந்த தட்டும் புதுத் தட்டும் ஒரே வேலையைச் செய்யும். எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைவிடக் கால் பங்கோ அதற்கு மேலோ கூடுதலாகத் தாங்கும்படிதான் பொதுவாகக் கிளட்சை வடிவமைக்கிறார்கள். அந்தக் கூடுதல் கரைந்து தீரும்வரை ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

அழுத்தம் மாறாதா? இங்கேதான் அந்த ஸ்பிரிங்கைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சாதாரணச் சுருள் ஸ்பிரிங் என்றால் லைனிங் தேயத் தேயத் தளரும். தளரத் தளரப் பிடிப்பு குறையும். இன்றைய கார்களில் இருப்பது டயாஃப்ரம் ஸ்பிரிங். ஆழமில்லாத கூம்பாக வளைத்த எஃகுத் தகடு அது. நடுவை நோக்கி விரல் விரலாக வெட்டப்பட்டிருக்கும். அதை அழுத்தினால் எதிர்விசை ஏறும், ஒரு முகட்டைத் தொடும், மேலும் அழுத்தினால் இறங்கத் தொடங்கும். புதுக் கிளட்சில் அந்தத் தகடு முகட்டைத் தாண்டிய இறக்கத்தில் நிற்கும்படி பொருத்தப்படுகிறது. லைனிங் தேயும்போது தகடு சற்றுத் தளர்ந்து முகட்டை நோக்கித் திரும்புகிறது. அதனால் தேய்வின் முதற்பாதியில் பிடிப்பு கூடுகிறது. பிறகு முகட்டைக் கடந்து மறுபக்கம் இறங்குகிறது. லைனிங் தீரும் தறுவாயில்தான் புதிதாக இருந்த அளவுக்கு வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு வீழ்ச்சி வேகமானது. இயந்திரப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த பாகங்களில் இது ஒன்று. ஒரே ஒரு தகட்டின் வளைவை வைத்துத் தேய்வை ஈடுகட்டிவிட்டார்கள்.

வாங்குபவருக்கு இதில் இரண்டு செய்தி உண்டு. சோதனை ஓட்டத்தில் கிளட்ச் நழுவவில்லை என்பதை வைத்து அதில் பாதி ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஐயாயிரம் கிலோமீட்டரில் முடியப்போகிற கிளட்சும் அன்றைக்குக் கச்சிதமாகப் பிடிக்கும். இன்னொன்று பெடலின் கனம். ஸ்பிரிங்கின் விசை கூடினால் மிதிப்பதும் கனமாகும். பெடல் கல்லாக இருந்தால் "கிளட்ச் நல்ல டைட்டாக இருக்கிறது" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. பல கார்களில் அது தேய்வின் அடையாளம். ஆனால் கனம் என்பது ஒப்பீடு. ஒரு காரை மட்டும் மிதித்துப் பார்த்தவருக்கு அது எதையும் சொல்லாது. அதே மாடலில் இரண்டு மூன்று கார்களை மிதித்துப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வித்தியாசம் காலிலேயே தெரியும்.

அந்த அடையாளமும் எல்லாக் கார்களிலும் கிடைக்காது. 1990-களில் ஜெர்மனியின் லூக் நிறுவனம் தானே சரிசெய்துகொள்ளும் கிளட்சைக் கொண்டுவந்தது. அதில் லைனிங் தேய்ந்த அளவுக்கு ஒரு சரிவு வளையம் சுழன்று இடைவெளியை நிரப்பிவிடுகிறது. ஸ்பிரிங் தன் இடத்திலேயே நிற்கும்; பெடலின் கனம் கடைசிவரை மாறாது.

"கிளட்ச் மேலே வந்து பிடித்தால் தேய்ந்துவிட்டது" என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லும் பாடம். கேபிள் வைத்த கார்களில், கேபிளை யாரும் இடையில் சரிசெய்யாமல் இருந்தால், அது உண்மை. அங்கே கேபிளின் திருகைப் பார்த்தால் போதும்; எவ்வளவு மரை ஏற்கெனவே செலவாகியிருக்கிறது என்பதே தேய்வின் கணக்கு. ஹைட்ராலிக் கிளட்சில் கதை வேறு. பெடலை விட்டதும் அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் துளை திறந்து திரவம் டேங்குக்குத் திரும்புகிறது. தேய்வால் ஸ்பிரிங்கின் விரல்கள் பின்னுக்கு வந்த அளவுக்கு குழாயின் மறுமுனையில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அடுத்த மிதி அந்தப் புது இடத்திலிருந்தே தொடங்குவதால் பிடிக்கும் இடம் பெரிதாக நகர்வதில்லை. அங்கே பெடல் தரையோடு ஒட்டிய இடத்தில் பிடித்தால் லைனிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயில் காற்றோ கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியும்படி அமைந்த கார்களில் அதன் தள்ளுகோல் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று காருக்கு அடியில் படுத்துப் பார்க்கலாம். சோதனை ஓட்டத்தைவிட அது நம்பகமான சாட்சி.

அடுத்தது, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் கிலோமீட்டர் கணக்கு. கிளட்சைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய பயனற்றது. முழுவதும் பிடித்துவிட்ட கிளட்சில் நழுவலே இல்லை. நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் 500 கிலோமீட்டர் போனாலும் லைனிங்கில் துளிகூடக் குறையாது. ஃபிளைவீலும் தட்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும் அந்தச் சில நொடிகளில்தான் தேய்வு நடக்கிறது.

அந்த நொடிகளின் கணக்கு சுவையானது. நின்ற காரை நகர்த்தும்போது எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளட்சை விடுகிறோம் என்று கொள்வோம். கார் அந்த வேகத்துக்கு வந்து சேரும்வரை கிளட்சில் உண்டாகும் வெப்பம், கார் பெற்ற இயக்க ஆற்றலுக்குச் சமம். மெதுவாக விட்டாலும் சடாரென்று விட்டாலும் சமதரையில் அந்த அளவு மாறாது. அதை நிர்ணயிப்பது எஞ்சின் வேகம் மட்டுமே. 1400 கிலோ எடை, முதல் கியரில் மொத்தமாக 13 மடங்கு வேகக் குறைப்பு, 32 சென்டிமீட்டர் டயர் ஆரம் கொண்ட காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1500 ஆர்.பி.எம்-இல் கிளம்பினால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் சேரும். கிளட்சில் எரிவது ஏறத்தாழ 10 கிலோஜூல். பச்சை விளக்கு விழுந்ததும் 4000 ஆர்.பி.எம் வைத்துப் பாய்ந்தால் 74 கிலோஜூல். எஞ்சின் வேகம் மூன்று மடங்குகூட ஏறவில்லை. வெப்பம் ஏழு மடங்கு. வேகத்தின் இருமடி என்பதால் வரும் வினை இது. முதல் கியரை நீளமாக வைத்த கார் என்றால் இன்னும் மோசம்: 13 மடங்கை 10 ஆக்கினால் அதே ஆர்.பி.எம்-இல் வெப்பம் 1.7 மடங்காகும். ஸ்போர்ட்ஸ் கார்களில் முதல் கியர் பெரும்பாலும் நீளமானதுதான்.

மேட்டில் நிற்பது இதைவிடக் கொடுமை. பத்து சதவீதச் சரிவில் பிரேக்கை மிதிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே அதே காரை நிறுத்திப் பிடித்தால், கிளட்ச் 34 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 1500 ஆர்.பி.எம் நழுவலில் தாங்குகிறது. பத்து நொடியில் 53 கிலோஜூல். கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்பர்ட் தெருவில் ஒரு பகுதியின் சரிவு 31.5 சதவீதம், அங்கே அதே பத்து நொடிக்கு இதைப்போல மூன்று மடங்கு. ஆகவே விற்பவரிடம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதைவிட, கார் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த இடத்தையே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மாலையும் அடித்தளக் காரேஜின் சரிவில் ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏறிய 10,000 கிலோமீட்டர் காரைவிட, நெடுஞ்சாலையில் 60,000 ஓடிய காரின் கிளட்ச் நன்றாக இருக்க முழு வாய்ப்பு உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார்களின் கிளட்சுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. எஞ்சின் வேகம் சட்டென்று ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத் தட்டைச் சிறிதாக்குவார்கள். ஆரம் குறைந்ததை ஈடுகட்ட இரண்டு தட்டு வைத்து உராயும் முகங்களை நான்காக்குவார்கள். இதன் உச்சம் போர்ஷே கரேரா ஜிடி. 590 நியூட்டன் மீட்டர் தரும் அதன் பத்து சிலிண்டர் எஞ்சினுக்கு வெறும் 169 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரட்டைத் தட்டு செராமிக் கிளட்ச். கிளட்ச் சிறிதானதால் எஞ்சினைத் தரைக்கு அருகே இறக்கிப் பொருத்த முடிந்தது. அந்தக் காரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பெடலை மட்டும் மெல்ல விட்டுத்தான் நகர்த்த வேண்டும்; எஞ்சின் அணையாமல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அது தெரியாமல் ஆர்.பி.எம் ஏற்றி நகர்த்திய கைகளில் அது எத்தனை நாள் இருந்தது என்பதே அந்தக் கிளட்சின் வரலாறு.

இப்போது சோதனை ஓட்டம். முதலில் இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு ஆளில்லாத மேட்டுச் சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 2000, 2500 ஆர்.பி.எம் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்துங்கள். முதல் கியரில் ஏன் கூடாது? அங்கே எஞ்சின் வேகம் விறுவிறுவென்று ஏறுவதால் முறுக்குவிசையில் ஒரு பங்கு ஃபிளைவீலையும் எஞ்சினின் சொந்த உறுப்புகளையும் சுழற்றவே செலவாகிவிடும். கிளட்சுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். மேல் கியரில் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையிலேயே பல நொடிகள் தங்கும். முழுச் சுமையும் கிளட்சின் மேல் இறங்கும். ஆர்.பி.எம் முள் துள்ளி எழுந்து வேகமானி பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. 300 நியூட்டன் மீட்டரை வெறும் 200 ஆர்.பி.எம் நழுவலோடு கடத்தினால் அங்கே உண்டாகும் வெப்பம் ஆறு கிலோவாட்டுக்கு மேல். அந்தச் சிறு கூட்டுக்குள் ஆறு இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வைத்ததுபோல. சூட்டில் உராய்வுக் கெழு விழும், நழுவல் கூடும், மேலும் சூடேறும். பிசின் கருகும் அந்தக் காரமான நெடி வந்துவிட்டால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொருவருடைய கார் அது.

நழுவுவதெல்லாம் தேய்வும் இல்லை. டர்போ எஞ்சினின் கம்ப்யூட்டரை மாற்றி முறுக்குவிசையை ஏற்றியிருந்தால், தடிமன் நிறைய உள்ள கிளட்சும் நழுவும்; வடிவமைப்பாளர் விட்ட கூடுதலை அந்த மாற்றம் விழுங்கிவிட்டது. எஞ்சினின் பின் சீல் கசிந்து லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தாலும் நழுவும். போர்ஷே 996-இல் இந்தச் சீல் கசிவு பிரசித்தம். கிளட்சை மாற்றிவிட்டுச் சீலை விட்டுவைத்தால் புதுத் தட்டும் சில மாதத்தில் ஊறிவிடும். கிளம்பும்போது கார் உதறினால் ஆயிலோ, சூட்டில் நீலம் பாரித்துத் திட்டுத்திட்டாக இறுகிப்போன ஃபிளைவீலோ காரணமாக இருக்கலாம். பெடலை மிதித்தால் மட்டும் வரும் கீச்சொலி, ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங். விட்டால் வந்து மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐட்லிங்கில் எஞ்சின் தரும் முறுக்குவிசை அற்பம். செத்துப்போன கிளட்சை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்; சாகப்போகும் கிளட்ச் அதில் எளிதாகத் தேறிவிடும்.

கிளட்சின் தேய்வை எண்ணாகவே படிக்க முடிகிற கார்களும் இருக்கின்றன. 1989-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 பந்தயக் கார், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் ஏற்பாட்டோடு களமிறங்கி, பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செலின் கையில் முதல் பந்தயத்திலேயே வென்றது. 1997-இல் அந்த ஏற்பாடு எஃப்355 சாலைக் காருக்கு வந்தது. பிறகு 360 மோடேனா, எஃப்430. லம்போர்கினி கல்லார்டோவின் ஈ-கியரும் இதே குடும்பம். இவற்றில் கிளட்ச் பெடல் கிடையாது என்பதால் பலர் இவற்றை ஆட்டோமேட்டிக் என்றே எண்ணுகிறார்கள். உள்ளே இருப்பது வழக்கமான உலர் கிளட்ச்தான். காலுக்குப் பதில் ஹைட்ராலிக் அழுத்தம், மூளைக்குப் பதில் கம்ப்யூட்டர். ஆட்டோமேட்டிக் என்று நம்பி நெரிசலில் ஊர்ந்தவர்கள் ஒவ்வொரு அடியிலும் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்தார்கள்.

இந்தக் கார்களில், கிளட்ச் மூடிய நிலையில் ரிலீஸ் பேரிங் எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. புதிதாகப் பொருத்திய நாளில் நின்ற இடம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். லைனிங் தேயும்போது அந்த இடம் நகரும். நகர்ந்த தூரத்தை அனுமதித்த தூரத்தால் வகுத்தால் தேய்வு சதவீதம். சர்வீஸ் சென்டரில் கருவியைச் செருகினால் சில நிமிடத்தில் எண் வந்துவிடும். பெடல் வைத்த கார்களில் டயாஃப்ரம் ஸ்பிரிங் ஒளித்துவைத்த தகவல் இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. அதனால் இந்தக் கார்களை வாங்குகிறவர்கள் அந்த எண்ணைக் கேட்காமல் பேச்சையே தொடங்கக் கூடாது.

எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. சதவீதம் தொடக்கப் புள்ளியைச் சார்ந்தது. கிளட்சை மாற்றிய மெக்கானிக் புதுத் தொடக்கத்தைப் பதியாமல் விட்டிருந்தால் புதுக் கிளட்ச் தேய்ந்ததாகத் தெரியும். மாற்றாமலே பதிந்திருந்தால் தேய்ந்தது புதிதாகத் தெரியும். ஆகவே எண்ணோடு சேர்த்துக் கடைசியாகக் கிளட்ச் மாற்றிய பில்லையும் கேட்டு, இடையில் ஓடிய தூரத்தோடு பொருத்திப் பாருங்கள். 15,000 கிலோமீட்டரில் 30 சதவீதம் என்றால் நம்பலாம். 15,000 கிலோமீட்டரில் 2 சதவீதம் என்றால் யாரோ தொடக்கத்தைத் தொட்டிருக்கலாம். இரண்டு வெவ்வேறு தேதிகளில் எடுத்த அளவு கிடைத்தால் அதுவே சிறந்தது. காரை வைத்திருந்தவர் எப்படி ஓட்டினார் என்பதை அவரைவிட நேர்மையாக அது சொல்லும். 2009-இல் வந்த 458 இட்டாலியா போன்ற கார்களில் ஃபெராரி இரட்டைக் கிளட்சுக்கு மாறிவிட்டது. அவை ஆயிலில் மூழ்கி ஓடுபவை, தேய்வு மிகக் குறைவு. அங்கே கேட்க வேண்டியது ஆயில் மாற்றிய கணக்கு.

கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்பதற்காக நல்ல காரை விட்டுவிட வேண்டியதில்லை. அது தேய்வதற்கென்றே உள்ள பாகம். விலையில் எவ்வளவு குறைப்பது என்பது தட்டின் விலையைவிட, அதை எட்டுவதற்கு ஆகும் கூலியைப் பொறுத்தது. ஃபெராரி 348-லும் 355-லும் கிளட்ச் கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். 2005-இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் வி8 வேன்டேஜில் எஞ்சின் முன்னே, கியர்பாக்ஸ் பின்னே, நடுவில் நீண்ட குழாய். கிளட்சைத் தொட அத்தனையையும் கழற்ற வேண்டும். பில்லில் ஃபிளைவீல், ரிலீஸ் பேரிங், எஞ்சின் பின் சீல் ஆகியவை தட்டோடு சேர்ந்து இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத "புதுக் கிளட்ச்" பாதி வேலை. மேட்டில் ஓட்டிப் பார்க்கவோ, சர்வீஸ் சென்டரில் கருவி போட்டுப் பார்க்கவோ விற்பவர் சம்மதிக்காவிட்டால், கிளட்ச் முழுவதும் தேய்ந்ததாகக் கணக்கிட்டு, கூலியும் ஃபிளைவீலும் சேர்த்துக் கழித்து, அந்த விலையைச் சொல்லுங்கள்.